மூங்கில் அணத்தானும் சுவர்ப் பல்லியும்: ஏற்காட்டு வீடுகளில் ஒரு படக்கதை

அனதானா எல்லியோட்டி என்று ஒரு பிராணி இருக்கிறது. அறிவியல் பெயர்தான். முதல் பாதி தமிழ், இரண்டாம் பாதி ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 'மூங்கில் அணத்தான்' என்று நம்ம மலை மக்கள் சொன்னதில் இருந்து 'அனதானா' வந்தது. 1913ல் மார்கஸ் லயன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் இந்தப் பிராணிக்குத் தனிப் பேரினம் ஏற்படுத்தியபோது அந்தத் தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொண்டார். 'எல்லியோட்டி', சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட். 1850ல் வாட்டர்ஹவுஸ் இந்த இனத்தை முதலில் விவரித்தபோதே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஏற்காட்டுக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்த்திருக்கலாம். பார்த்துவிட்டு "அணில்" என்று சொல்லிவிட்டு நடந்திருப்பார்கள். அணில் அளவுதான், அணில் மாதிரியே புசுபுசு வால், பகலில்தான் நடமாட்டம். ஆனால் முதுகில் மூணு கோடு கிடையாது. மூக்கு கூராக நீண்டிருக்கும். அணிலுக்கு இருக்கிற நீளமான மீசை முடி இதற்குத் தெரியாது. தோள்பட்டையில் வெளிர் நிறத்தில் சின்னதாக ஒரு கீற்று. உண்மையில் இது அணிலுக்குச் சொந்தமே இல்லை. இதன் உறவுக்காரர்கள் பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியாவில் இருக்கிறார்கள். தீபகற்ப இந்தியாவில் இந்த ஒரே ஒரு இனம்தான் ஒண்டியாகத் தங்கியிருக்கிறது. சேர்வராயன் மலை அதன் இருப்பிடங்களில் ஒன்று.

எலியட்டைப் பற்றித் தேடப் போனபோதுதான் இந்தக் கட்டுரைக்கான விஷயம் கிடைத்தது. 1850களின் நடுவில் சென்னையில் ஒரு போட்டோகிராபி சங்கம் தொடங்கினார்கள். இந்தியாவின் பழைய சங்கங்களில் ஒன்று, இன்றைக்கும் இருக்கிறது. அதன் தலைவராக இருந்தவர் இதே வால்டர் எலியட். அமராவதிச் சிற்பங்களைத் தோண்டியெடுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858ல் அந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார். ஆக, ஒரே மனிதர் விலங்கு ஆராய்ச்சியும் செய்கிறார், போட்டோ சங்கமும் நடத்துகிறார். ஆனால் அவர் காலத்தில் அவர் பெயர் கொண்ட பிராணியை உயிரோடு படம் எடுக்க யாராலும் முடியவில்லை. சிலை அசையாமல் நிற்கும், மூங்கில் அணத்தான் நிற்குமா?

டிரைப் நம்ம சேலம் பக்கமும் வந்தவர். 1857-58ல் ராயக்கோட்டையையும் அப்போதைய சேலம் மாவட்டத்தின் மற்ற சில இடங்களையும் எடுத்து ஒரு தொகுப்பே வெளியிட்டார். கோட்டை, பாறை, மலைக்காட்சி. பெரும்பாலும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ். லென்ஸைத் திறந்துவைத்து நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு நாய் குறுக்கே ஓடினால் அது படத்தில் விழவே விழாது. நின்று வாலை ஆட்டினால், வால் இருக்கும் இடத்தில் புகை மாதிரி ஒரு கறை. அதற்கடுத்து வந்த ஈரக் கண்ணாடித் தட்டு முறையில் வினாடிகள் போதும் என்றாலும், தட்டில் மருந்து பூசி, காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்துக்குள் ஓடிப்போய்க் கழுவ வேண்டும். பல்லி அதுவரை சுவரில் காத்துக்கொண்டிருக்காது.

இதற்கு இன்னொரு நல்ல சாட்சி டார்வின். எலியட்டும் டார்வினும் கடிதத் தொடர்பில் இருந்தவர்கள். வளர்ப்புப் புறாக்கள், கோழிகளின் தோல்களைப் பாடம் செய்து எலியட் இங்கிருந்து டார்வினுக்கு அனுப்பினார். 1868ல் வந்த வளர்ப்புப் பிராணிகள் பற்றிய டார்வினின் புத்தகத்தில் அந்த மெட்ராஸ் புறாக்களுக்கு இடம் உண்டு. நம்ம ஊர் மாடப்புறா வளர்ப்புக்காரர்களின் கைவேலை அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். நாலு வருடம் கழித்து, 1872ல், உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி இன்னொரு புத்தகம். போட்டோக்களை அச்சிட்ட ஆரம்பகால அறிவியல் புத்தகங்களில் ஒன்று அது. அழுகிற குழந்தை, சிரிக்கிற மனிதர் எல்லாம் போட்டோ. ஆனால் சீறும் பூனையும், எஜமானைப் பார்த்துக் குழையும் நாயும்? அவை ஓவியங்கள். வீட்டில் வளர்க்கிற நாயைக்கூடப் படம் பிடிக்க முடியாமல் ஓவியரைக் கூப்பிட வேண்டியிருந்த காலம். இன்றைக்கு ஒரு நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த முதல் நாளே இருநூறு படம் எடுத்துவிடுகிறோம்.

படம் இல்லை என்றால் என்ன செய்வார்கள்? சுட்டு, அல்லது பிடித்து, சாராய ஜாடியில் போடுவார்கள். ஏற்காட்டின் சின்னச் சின்ன உயிர்களைப் பற்றிய முதல் பதிவுகள் எல்லாமே ஜாடிகள்தான். அந்த ஜாடிகளின் நாயகன் ரிச்சர்ட் ஹென்றி பெடோம். சென்னை ராணுவத்தில் இருந்து வனத்துறைக்கு வந்து, கிளெக்கார்னுக்கு அடுத்துத் துறைத் தலைமையை ஏற்றவர். மரம், பெரணி, பாம்பு, பல்லி என்று எதையும் விட்டுவைக்காத மனிதர். 1863ல் சேர்வராயன் மலையில் இருந்து மண்ணுக்குள் வாழும் ஒரு கேடயவால் பாம்பை விவரித்து, மருத்துவர் ஜான் ஷார்ட் பெயரை வைத்தார். ஷார்ட் பாம்பு விஷத்தில் ஆர்வம் கொண்ட ராணுவ மருத்துவர், தென்னிந்திய மலைகளைப் பற்றிப் பாகம் பாகமாக எழுதியவர். 1870ல் பெடோம் இதே மலையில் இருந்து ஒரு சின்னப் பல்லியையும் விவரித்தார். வாலில் இருக்கும் ஆரஞ்சு நிறத்தை வைத்து 'ஆரன்டியாகஸ்' என்று பெயர். அந்தப் பல்லிக்குத் திரும்ப வருவோம், அதுதான் இந்தக் கதையின் முக்கியப் பாத்திரம்.

ஜாடியில் ஒரு சிக்கல் உண்டு. சாராயத்தில் நிறம் போய்விடும். ஆரஞ்சு என்று பெயர் வைத்த பல்லி லண்டன் அருங்காட்சியகத்தில் பழுப்பாகக் கிடக்கும். எந்த மரத்தில் இருந்தது, எந்த மாதம், எந்த உயரம், பகலா ராத்திரியா என்பதெல்லாம் பிடித்தவர் எழுதிவைத்தால் உண்டு. எழுதாவிட்டால் 'ஷெவராய்ஸ்' என்ற ஒரு சொல்தான் மிச்சம். பின்னால் வந்தவர்கள் ஜாடியை மட்டும் பார்த்து, "இது அந்த இனம்தானே" என்று வேறொன்றோடு சேர்த்துவிட்டார்கள். ஷார்ட்டின் பாம்பும் அப்படி இன்னொரு பாம்பின் பெயருக்குள் நெடுங்காலம் காணாமல் போனது. இந்த நூற்றாண்டில்தான் அதற்குத் தன் பெயர் திரும்பக் கிடைத்தது. நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு மலையின் சொந்தப் பாம்பு, கணக்கிலேயே இல்லை.

சரி, கேமராவுக்கு வருவோம். 1880 வாக்கில் உலர் தட்டுகள் கடைச்சரக்காயின, 1888ல் ஈஸ்ட்மனின் கோடக் வந்தது. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1890களில் பறவைக் கூடுகளைப் படமெடுத்துப் புத்தகம் போட்டார்கள். உள்ளே கூடாக்கிய மாட்டுத்தோலுக்குள் ஒளிந்துகொண்டு பறவையைப் படமெடுத்த ஆட்கள் இவர்கள். இந்தியாவில் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி, புலி தானே கம்பியை மிதித்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்து 1927ல் புத்தகமாக வெளியிட்டார். ரயில்வேயில் வேலை பார்த்த லோதர் என்பவர் பறவைப் படங்களைச் சேர்த்து 1949ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். இதே காலத்தில் சேர்வராயன் மலையில் என்ன நடந்தது? 1929-30ல் வெர்னே என்ற செல்வந்தரின் பணத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். சேர்வராயனும் அதில் ஒரு முகாம். மிக நல்ல வேலைதான், இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதுவும் துப்பாக்கியால் எடுத்த கணக்கு. தோல்கள் பம்பாய்க்கும் லண்டனுக்கும் போயின.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1940களில் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தபோது ஆடு, நாய், புறா எல்லாம் வளர்த்தவர். பிறகு சென்னை எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில் குடியிருந்தார். (அந்த எட்வர்ட் வேற எலியட், நம்ம வால்டர் இல்லை.) கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950ல் தொடங்கிய அவருடைய பத்தி, அவர் இறந்த 1996 பிப்ரவரி வரை ஓடியது. 46 வருடம்! யானையையும் காட்டெருதையும் தேடிக் காடுகாடாக அலைந்தவர்தான். 1968ல் கிடைத்த நேரு நல்கையில் தென்னிந்தியப் பாலூட்டிகளைப் பற்றிப் பெரிய ஆய்வே செய்தார். ஆனால் என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய சாதனை வேறு. வீட்டைச் சுற்றி இருக்கும் காக்கா, அணில், பூனை, தவிட்டுக்குருவி இவற்றுக்கும் புலிக்குக் கொடுக்கிற அதே மரியாதையைக் கொடுத்தார்.

அவருடைய கேமராவைப் பற்றித் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். ஒரு கேமராவின் உடல், இன்னொன்றின் லென்ஸ், எங்கெங்கோ கிடைத்த பாகங்கள் என்று ஒட்டுப்போட்ட சாதனம். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வேறு. கறுப்பு வெள்ளைதான், கழுவுவதும் அவரே. அழகுக்காக எடுத்த படங்கள் இல்லை அவை. இந்த மிருகம் இப்படி நின்றது, கொம்பு இந்தக் கோணத்தில் வளைந்திருந்தது என்பதற்கான அத்தாட்சி. மென்பொருள் மொழியில் சொன்னால் லாக் ஃபைல். அழகாக இல்லாமல் இருக்கலாம், பொய் சொல்லக் கூடாது. தமிழில் அவர் எழுதியதைத் தேடுகிறவர்களுக்குத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்', பெருமாள்முருகன் தொகுத்த 'பறவைகளும் வேடந்தாங்கலும்' இரண்டும் இருக்கின்றன.

இனி பல்லி.

பல்லியை நம்மளவுக்குக் கவனித்த சமூகம் குறைவு என்று நினைக்கிறேன். சங்கப் பாட்டிலேயே பல்லி சொல்வது நிமித்தம். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன், சொல்லும் பலன் என்று கௌளி சாஸ்திரம் பக்கம் பக்கமாகப் போகும். காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட வரிசையில் நிற்கிறோம். எந்தத் திசையில் இருந்து சத்தம் வந்தது என்று அவ்வளவு நுணுக்கம். ஆனால் எந்தப் பல்லி என்று யாரும் கேட்டதில்லை.

ஏற்காட்டில் அந்தக் கேள்வி முக்கியம். அங்கே வீட்டுச் சுவரில் ஓடுவதெல்லாம் ஒரே பல்லி இல்லை. பெடோமின் ஆரஞ்சு வால் பல்லியையும் ஜாடிக்காரர்கள் ஆசியா முழுக்கப் பரவியிருக்கும் ஒரு பல்லியோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். அந்தப் பரவலான பல்லியில் எல்லாமே பெண், ஆண் இல்லாமலே முட்டையிடும். நம்ம பல்லியில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. 1999ல் ஆரன் பாயரும் இந்திரனீல் தாஸும் இது தனி இனம்தான் என்று நிறுவினார்கள். அடுத்த வருடமே அதே இருவர் தமிழ்நாட்டில் இருந்து இரண்டு புதிய பகல் பல்லிகளை விவரித்தார்கள். ஒன்று வேலூர்க் கோட்டையில் கிடைத்தது. இன்னொன்றின் பெயரே 'யெர்காடென்சிஸ்', ஏற்காட்டுக்காரன். யோசித்துப் பாருங்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த நாளில் இருந்து வெள்ளைக்காரர்களும், தோட்டத் தொழிலாளர்களும், பள்ளிப் பிள்ளைகளும், தேனிலவுக்கு வந்தவர்களும் புழங்கிய ஊர். அந்த ஊர்ப் பெயர் கொண்ட பல்லிக்குப் பெயர் கிடைக்க 2000 வரை ஆனது.

கதை அதோடு முடியவில்லை. 2019ல் மரபணுவை வைத்துப் பார்த்தபோது, அதுவரை பெடோமின் பல்லி என்றே நினைத்திருந்த கொல்லிமலைப் பல்லி தனி இனமாகப் பிரிந்தது. பெங்களூரு வட்டாரத்துப் பல்லியும் 'ஞானா' என்ற பெயரோடு தனியாகப் போனது. கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் என்ன பெரிய தூரம்? ஆனால் குளிர்ந்த மலையுச்சியில் வாழும் சின்னப் பிராணிக்கு நடுவில் இருக்கும் வெயில் சமவெளி ஒரு கடல். ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. ஆகவே ஏற்காட்டுச் சுவரில் ஓடுவது ஏறக்குறைய ஏற்காட்டுக்கு மட்டுமே சொந்தமான ஒன்று.

இதைப் படமெடுக்கப் பெரிய லென்ஸ் எதுவும் வேண்டாம், போன் போதும். என்ன எடுக்க வேண்டும் என்பதுதான் விஷயம். முதலில் கண். பாவை வட்டமாக இருந்தால் பகல் பல்லி, அதாவது ஏற்காட்டுக்காரனின் கூட்டம். பூனைக்கண் மாதிரி நெடுக்குக் கோடு என்றால் ராத்திரிப் பல்லி. அடுத்து விரல். சாதாரண வீட்டுப் பல்லிக்கு விரல் முழுக்க அகலமான பட்டை இருக்கும். பகல் பல்லிக்குப் பட்டை கிடையாது, மெல்லிய விரலும் நகமும்தான். பெடோமின் பல்லி ஒல்லியான உடம்பு, குட்டைக் கால், கட்டைவிரல் பேருக்கு மட்டும். விரலடியை எப்படிப் படமெடுப்பது? பிடிக்கவே வேண்டாம். ராத்திரி ஜன்னல் கண்ணாடியில் பூச்சிக்காக வந்து உட்காரும்போது உள்பக்கம் இருந்து எடுத்தால் போதும். வயிறு, விரல்பட்டை, தொடையில் துளைகள் இருந்தால் அதுவும், எல்லாம் கண்ணாடியில் ஒட்டிவைத்த மாதிரி தெரியும். பெடோம் கொன்று, திருப்பிப் போட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்ததை நாம் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

போன முறை ஏற்காட்டில் தங்கியபோது நான் இப்படி ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, தங்கும் விடுதியின் காவலாளி கேட்டார்:

"என்ன சார், ஏரியப் பாக்காம பல்லியப் போட்டோ புடிக்கிறீங்க?"

"இது உங்க ஊரு பல்லிண்ணே. வேற எங்கயும் கிடையாது."

"அப்படியா? நாங்க தொடப்பத்தால அடிச்சுக்கிட்டில்ல இருக்கோம்!"

அவர் சொன்னது நியாயமான பதில். யாரும் அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

படம் எடுத்தபின் நடப்பதைப் பற்றி, தொழில்முறையில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. டிஜிட்டல் படத்தோடு எக்ஸிஃப் என்ற குறிப்பு சேர்ந்தே வரும். 1995ல் ஜப்பானியக் கேமராக்காரர்கள் வகுத்த முறை. தேதி, நேரம், லென்ஸ், போனாக இருந்தால் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை வரை. பெடோமின் ஜாடியில் இல்லாத சீட்டு இதுதான். ஆனால் அதை நாமே கிழித்துப் போடுகிறோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் இந்தக் குறிப்பு போய்விடும், படமும் சுருங்கிவிடும். குடும்பக் குழுவில் நாலு பேர் பார்வர்டு செய்தபின் அது எந்த ஊர்ப் பல்லி என்று பிரம்மாவுக்கும் தெரியாது. டாக்குமென்டாக அனுப்பினால் குறிப்பு அப்படியே தங்கும். 2008ல் பெர்க்லியில் மாணவர்கள் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் நேரடியாகப் போட்டால் இன்னும் நல்லது. அழிவு அபாயத்தில் இருக்கும் இனம் என்றால் அது சரியான இடத்தை மறைத்து, 0.2 பாகைச் சதுரம் ஒன்றை மட்டும் காட்டும். நம்ம பக்கம் அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர். சேர்வராயன் மலையின் பெரும்பகுதி அந்தச் சதுரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதாவது 1870ன் 'ஷெவராய்ஸ்' சீட்டுக்கே திரும்பிவிட்டோம், ஆனால் இந்த முறை வேண்டுமென்றே, திருடனுக்குப் பயந்து.

திருடன் என்றதும் ஆர்க்கிட் நினைவுக்கு வருகிறது. தாவரவியல் மதிப்பீட்டுத் துறை 1960களில் ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டம் தொடங்கியது. மேகாலயாவின் பூச்சி தின்னும் குடுவைச் செடிகூட அங்கே உண்டு. ஆனால் காட்டு மரத்தில் பூத்த ஆர்க்கிட்டை இடத்தோடு போட்டால் அடுத்த வாரம் அது யாரோ ஒருவர் பால்கனியில் தொங்கும். மரத்தைப் படமெடுங்கள், வழியைப் போடாதீர்கள். இந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற சிறு மரம், இம்மலைக்கே உரியது, அழிவு அபாயத்தில் இருப்பது. அது பூங்காப் பூ மாதிரி பளிச்சென்று இருக்காது. அதனாலேயே யாரும் எடுப்பதில்லை. ஏற்காட்டுத் தோட்டப் படம் என்றால் ரோஜா, டேலியா, அதற்குப் பின்னால் ஆஸ்திரேலியாவில் இருந்து காபி நிழலுக்காக வந்த சில்வர் ஓக்.

வளர்ப்புப் பிராணிகளில், பூனை படமெடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பூனை கவ்விக்கொண்டு வருவதையும் படமெடுங்கள். அழகாக இருக்காது, லைக் வராது. ஆனால் ஏற்காட்டு வீட்டுப் பூனை கொண்டுவரும் பல்லியும் பாம்பும் பெடோம் சேகரிப்புக்குச் சமம். கூண்டுக் கிளியைப் படம் எடுத்துப் போடுகிறவர்களிடம் வேறு விஷயம் சொல்ல வேண்டும்: நம்ம நாட்டுக் கிளியை வளர்ப்பது 1972 சட்டப்படி குற்றம், நீங்கள் போடுவது உங்களுக்கு எதிரான சாட்சி.

அப்புறம் காட்டெருது. செய்தித்தாள்கள் விடாமல் காட்டெருமை என்று எழுதுகின்றன, அது எருமையே இல்லை, மாட்டு வகை. காபித் தோட்டத்துக்குள்ளும் வீட்டு வாசல் வரைக்கும் வருகிறது. இங்கே என் அறிவுரை ஒன்றுதான்: வீட்டுக்குள் இருந்து, கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாக. கூடவே நின்று செல்பி எடுக்கிறவர்களை நான் போட்டோகிராபர் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் இப்போது தேடிக்கொண்டிருப்பது வேறு படங்கள். ஏற்காட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நாலைந்து தலைமுறையாக இருக்கும் குடும்பங்களிடம் பழைய ஆல்பங்கள் இருக்கும். முற்றத்தில் நாயோடு தாத்தா, கன்றுக்குட்டியோடு அத்தை, படிக்கட்டில் பூனை. குடும்பத்துக்கு நாயும் தாத்தாவும் முக்கியம். எனக்கு அவர்களுக்குப் பின்னால் இருப்பது. வேலியில் உண்ணிச்செடி எப்போது வந்தது? சில்வர் ஓக் நடுவதற்கு முன் அந்தச் சரிவில் என்ன மரம் நின்றது? தூரத்து மேட்டின் உச்சி, மேட்டூர் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வெட்டத் தொடங்கிய 1960களுக்கு முன் என்ன வடிவத்தில் இருந்தது? இதற்கெல்லாம் அரசாங்கக் கோப்பில் பதில் கிடைக்காது. நாய்க்குப் பின்னால் கிடைக்கும். வீடு மாறும்போது, பாகம் பிரிக்கும்போது, இந்த ஆல்பங்கள்தான் முதலில் பழைய பேப்பர்காரரிடம் போகின்றன.

உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் ஸ்கேன் செய்துவையுங்கள். குறைந்தது 600 டிபிஐ. படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையோ பென்சிலில் எழுதிய தேதியோ இருக்கும். நாயின் பெயர் எழுதியிருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். அது எந்த வருடத்து நாய் என்று வீட்டில் வயசானவர் யாருக்காவது நினைவிருக்கும், அதை வைத்தே மரத்துக்குத் தேதி போட்டுவிடலாம்.